காகிதத்தில் அவன் சமையல்காரன்

கண்ணு முரளிக்கு,

முந்தாநாள் நீ அனுப்பிய செய்தியை கம்பெனி வேனில் வரும்போது படித்தேன். "நான் கையெழுத்து போடல அம்மா. உனக்கும் அவங்க வீட்டுக்கும் இனிமே எந்தக் கஷ்டமும் வேணாம்" என்று எழுதியிருந்தாய். பதில் எதுவும் நான் அனுப்பவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். நீ சரிம்மா என்று சொன்னால் அதைச் செய்யப்போவதில்லை என்பது நீ அரை டிராயர் போட்டிருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நினைத்து எழுதுகிறேன். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். உன் அப்பா நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். நீ படித்தாய், பெரிய பரீட்சை எழுதினாய், வெளிநாடுகளில் நம் தூதரகத்தில் வேலை பார்க்கும் அதிகாரி ஆனாய். சலீம் எங்கள் கம்பெனி சாம்பிள் ரூமில் பேட்டர்ன் போடுகிறவன். புது ஷூவை முதலில் அட்டையில் வெட்டிக் காட்டுவது அவன்தான். நீயும் அவனும் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி வாழ்வதுபோல வாழ்ந்தீர்கள். அதற்கு நம் ஊரில் இருக்கிற வார்த்தைகள் எல்லாம் வசவாகத்தான் இருக்கின்றன. நான் துணை என்று சொல்கிறேன். அந்தத் துணை, நீ வேலை பார்க்கிற நாட்டில் காய்ச்சல் வந்து செத்துப்போனான். சாகும்போது சர்க்கார் காகிதத்தில் அவன் உன் வீட்டுச் சமையல்காரன். இப்போது உன் இலாகாவில் சின்ன வயது அதிகாரிகள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதுகிறார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று துணையோடு வாழும் அதிகாரிகளுக்கும், மற்ற அதிகாரிகளின் மனைவிக்கோ கணவனுக்கோ கொடுப்பதைக் கொடுங்கள் என்பது மனு. பாஸ்போர்ட், வைத்தியம், ஆபத்து வந்தால் விமானம், அவ்வளவுதான் கேட்கிறார்கள். சலீமுக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடு என்று உன்னைக் கேட்டார்கள். நீ மாட்டேன் என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒன்றும் பெரிய மனசுக்காரி இல்லை. நீ அவனோடு சுற்றுவதைப் பார்த்து, நல்ல தோஸ்து கிடைத்தான் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். குடியாத்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டு, நீ பிடி கொடுக்காமல் போனபோது, சாம்பிள் ரூமுக்கே போய் அவனிடம் புலம்பினேன். நீ சொன்னால் அவன் கேட்பான், கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளச் சொல் என்றேன். அவன் கையில் அட்டை வெட்டுகிற கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொன்னா கேப்பான் அக்கா. அதான் பேஜாரு" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு லைனில் ரெண்டு பேரைக் காரணமில்லாமல் திட்டினேன். ஒரு மாசம் போல அவனோடு பேசவில்லை, உன்னிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு படுத்தபோது, கேட்காமலே வந்து மருந்து வாங்கிக் கொடுத்து, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான். உள்ளே வாடா என்று கூப்பிட எனக்கு அடுத்த நாள்தான் வாய் வந்தது. அப்புறமும் அவன் என்னை அக்கா என்றே கூப்பிட்டான். உனக்கு நான் அக்கா என்றால் முரளிக்கு நீ மாமன் முறையாகிறாய் என்று நான் கிண்டல் செய்தால், "முறையெல்லாம் கம்பெனி ரூல்ஸ் மாதிரி அக்கா, ஆடிட் அன்னிக்கு மட்டும்தான்" என்பான்.

ஆடிட் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்து எங்கள் பேக்டரியைப் பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன் எல்லாருக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடக்கும். எங்கள் செக்‌ஷனில் அந்தப் பாடம் எடுப்பது நான். ஓவர்டைம் கேட்டால் இதைச் சொல், லீவு கேட்டால் அதைச் சொல். காகிதத்தில் ஒன்று இருக்கும், லைனில் ஒன்று நடக்கும். வருஷக்கணக்காக மெஷினில் உட்கார்ந்து தைப்பவளும் காகிதத்தில் ஹெல்பர்தான். உள்ளே வர ஒரு பேர் வேண்டும், ஹெல்பர் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்டுக்குள் நுழைந்தோம். நானும் அப்படி நுழைந்தவள்தான்.

அதனால்தான், உனக்கு அந்தக் கடலோர நாட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தபோது, நாம் மூன்று பேரும் அப்படி யோசித்தோம். அதிகாரியின் மனைவி என்றால் பாஸ்போர்ட் முதல் வைத்தியம் வரை எல்லாம் உண்டு. சலீமுக்கு ஒன்றும் கிடையாது. அவனுக்கு அங்கே தங்க விசாவே கிடைக்காது. ஆனால் அதிகாரி தன் வீட்டு வேலைக்கு ஒரு ஆளை அழைத்துப் போகலாம், அந்த ஆளுக்கு சர்க்காரே பாஸ்போர்ட் கொடுக்கும் என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு, அது வேண்டாம், அசிங்கம் என்றும் நீதான் சொன்னாய். சலீம் சிரித்துக்கொண்டே, "ஹெல்பர்னு போட்டுடு. ஆம்பூர்ல எவன்தான் ஹெல்பரா உள்ள போவல?" என்றான். நானும் ஆமாம் என்றேன். காகிதம் வருகிறவன் போகிறவனுக்கு, வீட்டுக்குள்ளே யார் யார் என்று நமக்குத் தெரிந்தால் போதாதா என்று நினைத்தேன். அடுத்த நாளே நான் ஆடிட்டர் வேஷம் கட்டிக்கொண்டு அவனுக்குப் பாடம் எடுத்தேன். இன்னா சமைப்ப என்று கேட்டேன், பிரியாணி என்றான். அரிசியை எப்போது போடுவாய் என்று கேட்டால், முரளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவனுக்கு டீ போடக்கூடத் தெரியாது. நாம் மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

எனக்கு அன்றைக்கு ஒருத்தி ஞாபகம் வந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவள். பல வருஷம் அந்த மெஷினை ஓட்டியவள், ஆனால் காகிதத்தில் ஹெல்பர். விரல் போனதும், ஹெல்பருக்கு மெஷின் பக்கத்தில் என்ன வேலை என்று அவளையே கேள்வி கேட்டார்கள். நல்லது நடக்கிற வரைக்கும் காகிதம் வாயை மூடிக்கொண்டிருக்கும். கெட்டது நடந்தால் அது மட்டும்தான் பேசும். அதைக் கண்ணால் பார்த்த நான், என் வீட்டுப் பிள்ளைக்கு அதே பேரை வைக்கச் சரி என்றேன். உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு, என் மேல்தான் ஜாஸ்தி.

அங்கே போன பிறகு அவன் எனக்கு வாரா வாரம் போன் செய்வான். நீ சொல்லாததை எல்லாம் அவன் சொல்வான், சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். விருந்தாளிகள் வந்தால் நீ சாயந்திரமே வந்து சமைத்து வைத்துவிட்டு, குளித்து கோட்டு போட்டுக்கொண்டு வெளியே உட்காருவாயாம். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பரிமாறுவானாம். உன் குழம்பைத் தின்றுவிட்டு எல்லாரும் அவனைப் பாராட்டுவார்களாம். வேறொரு நாட்டுத் தூதரகத்தில் ஒரு பெண் அதிகாரி, அவளுக்குத் துணையும் ஒரு பெண், அந்தத் துணை சலீமுக்கு சிநேகிதி ஆனாள். அவளுடைய நாடு அவளுக்கு மனைவி என்றே அடையாள அட்டை கொடுத்திருந்ததாம். "அவளுக்கு அட்டை இருக்கு அக்கா, எனக்குக் கரண்டி இருக்கு" என்றான். நான் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் ஒருமுறை உன் மேலதிகாரியின் மனைவி, எங்கள் வீட்டு விருந்துக்கு உங்கள் ஆளை ஒருநாள் அனுப்புங்கள் என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல உன்னிடம் காரணம் இல்லை. சலீம் போனான், அங்கிருந்த சமையல்காரருக்கு எடுபிடி வேலை செய்தான், எல்லாரும் போன பிறகு தட்டு கழுவிவிட்டு வந்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை. நீ அன்றைக்கு அவனிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்துக்கொண்டாய் என்றான். உன்னைத் திட்ட வேண்டாம் என்றும் என்னிடம் கேட்டுக்கொண்டான்.

பிறகு காய்ச்சல் வந்தது. அந்த ஊரில் கொசுக்காய்ச்சல் சாதாரணம். அதற்கு முந்தின மழைக்காலத்தில் உன்னோடு வேலை பார்க்கிறவரின் மனைவிக்கு இதே காய்ச்சல் வந்து தலைக்கு ஏறியபோது, விமானம் வந்து பக்கத்து நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனது. அவள் திரும்பி வரும்வரை அவளுடைய பிள்ளைகளை சலீம்தான் பார்த்துக்கொண்டான். அவள் நன்றாக இருக்கட்டும், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சலீமுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறி, கிட்னியும் கெட்டுப்போனபோது, உள்ளூர் ஆஸ்பத்திரியில் அதற்கு மெஷின் இல்லை. நீ உன் மேலதிகாரியிடம் ஓடினாய். அவர் கெட்டவர் இல்லை என்று இப்போதும் சொல்கிறாய், இருக்கட்டும். வேலையாட்களுக்கு உள்ளூர் வைத்தியம்தான் விதி, இருந்தாலும் மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார். மேலே கேட்டுப் பதில் வருவதற்குள் நீயே கைக்காசில் விமானத்துக்கு ஏற்பாடு செய்தாய். நோயாளியை வேறு நாட்டுக்கு மாற்ற ரத்த சொந்தம் யாராவது சம்மதம் சொல்ல வேண்டும், முதலாளி சொன்னால் செல்லாது என்றார்கள். இத்தனை வருஷம் அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்ட உனக்கு அன்றைக்குக் கிடைத்த பேர் முதலாளி.

நீ எனக்குப் போன் செய்தபோது கேன்டீனில் கையில் சோற்றோடு இருந்தேன். அப்படியே கேட் பாஸ் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து துத்திப்பட்டுக்குப் போனேன். அங்கேதான் சலீமின் அண்ணன் அக்பர் பாய் தோலுக்குக் கலர் அடிக்கிற சின்ன யூனிட் நடத்துகிறார். அவர்கள் வீட்டில் சலீம் தூதரகத்தில் வேலை பார்க்கிறான் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். காய்ச்சலுக்கா விமானம் என்று அவர் முதலில் நம்பவில்லை, என் முகத்தைப் பார்த்த பிறகு நம்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஸ்ப்ரே மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று அவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். நீங்கள்தான் அந்தச் சமையல்காரரின் சகோதரரா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, என் தம்பி தூதரக அலுவலர் என்றார் அக்பர் பாய். அவள் பேரைச் சொன்னாள், பாஸ்போர்ட்டைச் சொன்னாள், மறுபடியும் குக் என்றாள். மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"குக்கா? எங்க சலீமா?" என்று என்னைக் கேட்டார்.

"பேப்பர்ல மட்டும்தான் பாய். அப்பறம் எல்லாம் சொல்றேன். மொதல்ல சரின்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சரி என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். விமானம் அந்த ஊருக்கு வந்து சேர்வதற்குள் சலீம் போய்விட்டான்.

அவன் படுத்திருந்த வார்டுக்குள் வீட்டு ஆட்கள் மட்டும்தான் இருக்கலாம். முதலாளி பார்வை நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அதனால் நீ கதவுக்கு வெளியே நின்றாய். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவன் கால் மட்டும் தெரிந்தது என்று சொன்னாய். அடுத்த நாள் உன் கூட வேலை பார்க்கிற ஒருவர் உன் தோளில் கை வைத்து, நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம், நான் வேறு ஒருத்தனைப் பார்த்துத் தருகிறேன் என்றாராம். நீ நன்றி சொன்னாயாம். வேலைக்காரன் செத்ததற்கு என்று தனியாக எந்த விடுப்பும் கிடையாது, உன் சொந்த விடுப்பை எடுத்துக்கொண்டு சவப்பெட்டியோடு வந்தாய். விமான நிலையத்தில் பெட்டியை அக்பர் பாயிடம்தான் கொடுத்தார்கள்.

கபரஸ்தானில் நீ கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாய் என்றும், எல்லாரும் போட்ட பிறகு மூன்று பிடி மண் போட்டாய் என்றும் சொன்னார்கள். முதலாளியே நேரில் வந்திருக்கிறார், நல்ல மனுஷன் என்று உன்னைப் பற்றி அங்கே பேசிக்கொண்டார்களாம். நான் அவர்கள் வீட்டில் பொம்பளைகளோடு உட்கார்ந்திருந்தேன். அக்பர் பாய் வீட்டில் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. சலீமின் அம்மா எல்லாரும் இருக்கும்போதே என்னைக் கூப்பிட்டு, "உம்புள்ள வூட்ல எம்புள்ள எச்சித் தட்டு கழுவுனானா?" என்று கேட்டார்கள். நான் இல்லம்மா என்றேன். மேலாக்கை வாயில் வைத்துக்கொண்டு திரும்ப அதே இல்லம்மாவைச் சொன்னேன். அவர்களுக்கு நீ யார் தெரியுமா? படித்த பிள்ளையை, சாம்பிள் ரூமில் ஏசியில் உட்கார்ந்து வேலை பார்த்தவனை, ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய் வேலைக்காரனாக வைத்து, வைத்தியம் பார்க்காமல் சாகவிட்டவன். அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போது நீ அந்த நாட்டுக்கே திரும்பிப் போனாய். நான் கம்பெனிக்குப் போனேன். சாம்பிள் ரூம் வழியாகப் போகாமல் இப்போதும் சுற்றித்தான் போகிறேன்.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன். உண்மையை எழுதினால், பொய் சொல்லி ஆளைக் கூட்டிப்போனாய் என்று உன் மேலேயே நடவடிக்கை வரும் என்கிறாய். வரலாம். வேலைகூடப் போகலாம். அந்த வேலைக்கு நீ எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியாதா? இரவு ஷிப்டுக்குப் போன அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறேன். பொய் சொன்னது நிஜம், அதில் எனக்கும் பங்கு உண்டு, என் பேரையும் எழுது. ஆனால் அந்தப் பொய்யை நம்மிடம் கேட்டு வாங்கியது யார்? சமையல்காரன் என்று சொன்னால் பாஸ்போர்ட் கொடுக்க முடிந்தது, துணை என்று சொன்னால் முடியாது. சட்டம் இன்னும் உங்களை ஏற்கவில்லை, இலாகா என்ன செய்யும் என்று உன் ஆபீசில் சொல்கிறார்களாம். தாலி கட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. ஒரு விமானத்தில் ஒரு இடம்தான் கேட்டோம்.

தெரு என்ன சொல்லும், நான் எப்படித் தலைகாட்டுவேன் என்று கேட்கிறாய். தெரு பேசும். கம்பெனி வேனில் பின்னால் உட்கார்ந்து சிரிப்பார்கள். மாமிமார் ரெண்டு பேர் எனக்குப் புத்தி சொல்ல வருவார்கள். ஒருத்தி கோயிலில் என் பக்கத்தில் நிற்க மாட்டாள். எனக்கு அது வலிக்காது என்று சொன்னால் பொய். ஆனால் என் மகன் வேலைக்காரனைச் சாகவிட்டவன் என்று ஒரு தாய் நினைத்துக்கொண்டிருப்பது அதைவிட வலிக்கிறது. இந்த இரண்டில் எதைத் தாங்குவது என்று என்னைக் கேட்காமல் நீயே முடிவு செய்யாதே. என் மேல் அக்கறை இருந்தால் என்னைக் கேள். இந்தப் பழக்கம் உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது, அவரும் இப்படித்தான் எனக்கு நல்லது என்று எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போனார்.

உன் செய்தி வந்த மறுநாள் சலீமின் அம்மாவைப் பார்க்கப் போனேன். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து வீடு காலியாக இருந்தது. அக்பர் பாய் யூனிட்டுக்குப் போயிருந்தார். அவர்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள், நான் கீழே உட்கார்ந்தேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனது எல்லாம் வாசலிலேயே மறந்துபோனது.

"உங்க புள்ள எங்க வூட்டு வேலக்காரன் இல்லம்மா. என் புள்ளைக்கு வூடுன்னு இருந்ததே உங்க புள்ளதான். வேற யாரும் கெடையாது" என்றேன்.

அவர்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தது முகத்தில் தெரிந்தது. இதையெல்லாம் நான் காதால் கேட்கக்கூடாது, பாவம் என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. தட்டு கழுவினானா என்று அன்றைக்குக் கேட்டதற்கு நான் பாதிதான் சொன்னேன் என்று சொல்லி, அந்த விருந்தைப் பற்றியும் சொன்னேன். விமானத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த மனுவைப் பற்றியும், நீ பயப்படுவதைப் பற்றியும், நான் உனக்கு எழுதப்போவதைப் பற்றியும் சொன்னேன். அவர்கள் திரும்பாமலே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அவன் ரூஹு போறப்போ பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. முரளி கதவுக்கு வெளில நின்னான். வூட்டு ஆளு இல்லன்னு உள்ள வுடல."

"கலிமா சொல்லக்கூட ஆள் இல்லாம போச்சா எம்புள்ளைக்கு?"

நீ எனக்குப் போனில் அழுதுகொண்டே சொன்னதை அப்போது சொன்னேன். சாகிறவர்கள் காதில் கலிமா சொல்வார்கள் என்று இந்த ஊரில் வளர்ந்த உனக்குத் தெரியும். சொல்ல அங்கே யாரும் இல்லை என்றும் தெரியும். அதனால் அந்தக் கதவில் வாயை வைத்துக்கொண்டு, சலீம் வீட்டில் கேட்டுப் பழகியதை, உனக்குத் தெரிந்த மட்டும், நிறுத்தாமல் சொன்னாய் என்று சொன்னேன். அது அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது என்றும் சொன்னேன். இந்துப் பிள்ளை சொன்னால் செல்லுமா என்று எனக்குத் தெரியவில்லை, தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர்கள் அழுதார்கள். மண்ணுக்குக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்: "அதையும் எழுது. எல்லாத்தையும் எழுது. சமையல்காரன்னு மட்டும் எங்கயும் வுட்டுடாத, இல்லன்னு எழுது." நான் கிளம்பும்போது, "முரளிய இங்க வரவேணான்னு சொல்லு. என்னால பாக்க முடியாது" என்றார்கள். இப்போதைக்கா, எப்போதுமா என்று நான் கேட்கவில்லை. நீயும் எதிர்பார்த்துக்கொண்டிருக்காதே. இதில் நல்லபடியாக முடிகிறது ஒன்றும் இல்லை, கண்ணு. நீ கையெழுத்துப் போட்டாலும் சலீம் திரும்பி வரமாட்டான், அந்த வீட்டுக் கதவும் உனக்குத் திறக்காது. ஆனால் உன்னைப்போல ஒருத்தன் வேறு ஏதோ ஊரில் இப்போது ஒரு கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பான். அவனை உள்ளே விடச் சொல்லத்தான் இந்த மனு.

ஒழுங்காகச் சாப்பிடு. இப்போது உனக்காக மட்டும் சமைக்கக் கை வரவில்லை என்று தெரியும், ஆனாலும் சாப்பிடு. அவன் சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே, எனக்கு அனுப்பு. வேறு சமையல்காரன் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னவரிடம், செத்துப்போனது யார் என்று ஒருநாள் சொல்லிவிடு.

இந்தக் கடிதத்தை முதலில் உனக்கு மட்டும்தான் அனுப்புகிறேன். படித்துவிட்டு, நீ எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, இதையும் அந்த மனுவோடு சேர்த்து வை. வேண்டாம் என்றால் கிழித்துப் போடு, நான் இதைப் பற்றி மறுபடியும் கேட்க மாட்டேன். சரிம்மா என்று மட்டும் பதில் எழுதாதே. உன்னைத் தவிர வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று அர்த்தம்.

உனக்கு அம்மா,
சலீமுக்கு அக்கா.